கனவுருப் புதினங்களின் முதற் பதிப்புகளை இனங்காணல்

கனவுருப் புதினங்களின் முதற் பதிப்புகளை இனங்காணல் என்பது, ஒரு கனவுருப் புதினத்தின் குறிப்பிட்ட படியொன்று அந்நூல் முதன்முதலாக அச்சிடப்பட்டபோது உருவான படிகளுள் ஒன்றா என்பதை, அப்படியில் காணப்படும் சான்றுகளைக் கொண்டு தீர்மானிக்கும் செயற்பாடு ஆகும். இது நூல் விவரணவியலின் ஒரு பகுதியாகும். நூல் சேகரிப்போர், பழைய நூல் வணிகர், நூலகர், பாட ஆய்வாளர் ஆகியோர் இதனைப் பயன்படுத்துகின்றனர்.

லூயிஸ் கரோல், எல். பிராங்க் பாம், ஜே. ஆர். ஆர். டோல்கீன், சி. எஸ். லூயிஸ், அர்சலா கே. லெ குவின், ஜே. கே. ரௌலிங் முதலியோரின் நூல்கள் இத்துறையில் அதிகம் தேடப்படுபவை. இவற்றுட் பல, வெளிவந்த காலத்தில் சிறுவர் நூல்களாகக் கருதப்பட்டுக் குறைந்த எண்ணிக்கையில் அச்சிடப்பட்டவை. சிறுவர்கள் கையாண்டதால் நல்ல நிலையில் எஞ்சியவை மேலும் குறைவு. பின்னாளில் இவை பெரும் புகழ் பெற்று நூற்றுக்கணக்கான முறை மறுபடியும் அச்சிடப்பட்டன. ஆகவே முதல் அச்சின் படியைப் பிந்தியவற்றிலிருந்து பிரித்தறிவது தேவையாகவும் கடினமாகவும் உள்ளது.

சொற்பொருள் விளக்கம்

நூல் விவரணவியலில் பின்வரும் நான்கு சொற்களும் வெவ்வேறு பொருள் உடையவை.

பதிப்பு: ஒரே அச்சுக் கோப்பிலிருந்து அச்சிடப்பட்ட படிகள் அனைத்தும் ஒரு பதிப்பு எனப்படும். எழுத்துகள் புதிதாகக் கோக்கப்பட்டால் அது புதிய பதிப்பு ஆகும்.

அச்சு: ஒரு பதிப்பின் படிகளுள் ஒரே தடவையில் அச்சிடப்பட்டவை ஓர் அச்சு ஆகும். ஒரு பதிப்புக்குப் பல அச்சுகள் இருக்கலாம். சேகரிப்போர் பேச்சுவழக்கில் "முதற் பதிப்பு" என்று கூறும்போது பெரும்பாலும் "முதற் பதிப்பின் முதல் அச்சு" என்பதையே கருதுகின்றனர்.

வெளியீடு: ஒரே அச்சைச் சேர்ந்த தாள்கள், புதிய தலைப்புப் பக்கம் போன்ற திட்டமிட்ட மாற்றத்துடன் தனியாக விற்பனைக்கு விடப்பட்டால் அது தனி வெளியீடு ஆகும்.

நிலை: ஓர் அச்சு ஓடிக்கொண்டிருக்கும்போதே பிழை திருத்தப்பட்டாலோ எழுத்து சேதமடைந்தாலோ, மாற்றத்துக்கு முந்திய படிகளும் பிந்திய படிகளும் வெவ்வேறு நிலைகள் எனப்படும்.

தமிழ் நூல்களில் மாற்றம் எதுவுமின்றி மறுபடி அச்சிட்டதையும் "இரண்டாம் பதிப்பு" என்று குறிப்பிடும் வழக்கம் பரவலாக உள்ளது. எனவே ஆங்கில நூல்களைப் பற்றிய விவரங்களைப் படிக்கும்போது இவ்வேறுபாட்டை மனத்திற் கொள்ளுதல் வேண்டும்.

முக்கியத்துவம்

முதல் அச்சினை இனங்காண்பது விலையை மட்டும் சார்ந்த செயல் அன்று. சில நூல்களில் முதற் பதிப்பின் பாடமே பிந்தியவற்றிலிருந்து வேறுபட்டது. டோல்கீனின் "த ஹாபிட்" நூலின் 1937ஆம் ஆண்டுப் பாடத்தில், கொல்லம் என்னும் பாத்திரம் விடுகதைப் போட்டியில் மோதிரத்தைப் பரிசாகத் தர முன்வருகிறது. போட்டியில் தோற்ற பின்னர் மோதிரம் தொலைந்துவிட்டதை அறிந்து, மன்னிப்புக் கேட்டு வழியைக் காட்டுகிறது. பின்னர் எழுதப்பட்ட "த லார்ட் ஆப் த ரிங்ஸ்" கதையில் அம்மோதிரம் தன்னை வைத்திருப்பவரை அடிமைப்படுத்தும் தீய பொருளாக மாறியது. அதனுடன் இக்காட்சி பொருந்தவில்லை. ஆகவே ஐந்தாம் அதிகாரம் திருத்தி எழுதப்பட்டு, 1951இல் இரண்டாம் பதிப்பாக வெளிவந்தது. இன்று விற்பனையிலுள்ள நூலைப் படிப்பவர் 1937இல் வாசகர்கள் படித்த கதையை அறிய முடியாது. அதற்கு 1951க்கு முந்திய அச்சுகளோ அவற்றின் மறுபதிப்புகளோ தேவை.

பொதுவான சான்றுகள்

தலைப்புப் பக்கமும் பதிப்புரிமைப் பக்கமும்

முதலிற் பார்க்க வேண்டியது தலைப்புப் பக்கமும் அதன் பின்புறத்திலுள்ள பதிப்புரிமைப் பக்கமும் ஆகும். பதிப்பகங்கள் பின்பற்றிய முறைகள் ஒன்றுபோல் இல்லை.

இலண்டனின் ஜார்ஜ் ஆலன் அண்டு அன்வின் நிறுவனம் முதலில் வெளியான ஆண்டை மட்டும் அச்சிட்டது. பின்னர் வந்த அச்சுகளில் "இரண்டாம் அச்சு", "மூன்றாம் அச்சு" என வரிகள் சேர்க்கப்பட்டன. எனவே இங்கு முதல் அச்சின் அடையாளம், கூடுதல் வரிகள் இல்லாமையே ஆகும். இலண்டனின் ஜெப்ரி பிளெஸ் நிறுவனத்தின் நூல்களும் இவ்வகையின.

பாஸ்டனின் ஹூட்டன் மிப்ளின் நிறுவனம் நீண்ட காலமாக முதல் அச்சின் தலைப்புப் பக்கத்தில் ஆண்டை அச்சிட்டு, பிந்திய அச்சுகளில் அதனை நீக்கி வந்தது.

நியூயார்க்கின் டபுள்டே நிறுவனம் "முதற் பதிப்பு" என்னும் சொற்களைப் பதிப்புரிமைப் பக்கத்தில் அச்சிட்டது. மறு அச்சில் அச்சொற்கள் நீக்கப்பட்டன.

பதிப்புரிமை ஆண்டும் நூல் அச்சிடப்பட்ட ஆண்டும் ஒன்றல்ல என்பது குறிப்பிடத்தக்கது. 1937 எனப் பதிப்புரிமை குறிக்கப்பட்ட படி 1960களில் அச்சிடப்பட்டதாகவும் இருக்கலாம். தொடக்கநிலைச் சேகரிப்போர் பெரும்பாலும் தவறுவது இவ்விடத்திலேயே ஆகும்.

அச்சு எண்வரிசை

இருபதாம் நூற்றாண்டின் பிற்பாதியில் பல பதிப்பகங்கள் பதிப்புரிமைப் பக்கத்தில் 10 9 8 7 6 5 4 3 2 1 என்பது போன்ற எண்வரிசையை அச்சிடத் தொடங்கின. ஒவ்வொரு புதிய அச்சின்போதும் மிகச் சிறிய எண் நீக்கப்படும். வரிசையில் எஞ்சியுள்ள மிகச் சிறிய எண்ணே அப்படியின் அச்சினைக் குறிக்கும். அச்சுத் தகட்டில் புதிதாக எழுத்தைச் சேர்ப்பதைவிட இருப்பதைச் சுரண்டி நீக்குவது எளிது என்பதே இம்முறைக்குக் காரணம்.

எண்கள் எப்போதும் இறங்குவரிசையில் இருப்பதில்லை. 1 3 5 7 9 10 8 6 4 2 என நடுவிலிருந்து இருபுறமும் பிரியும் வரிசையும் உண்டு. எவ்வரிசையாயினும் மிகச் சிறிய எண்ணையே காண வேண்டும். விதிவிலக்காக, ராண்டம் ஹவுஸ் நிறுவனம் பல ஆண்டுகளாக முதல் அச்சில் "முதற் பதிப்பு" என்னும் சொற்களுடன் 2 என்னும் எண்ணில் தொடங்கும் வரிசையைப் பயன்படுத்தியது. இரண்டாம் அச்சில் எண்வரிசை மாறாது, சொற்கள் மட்டும் நீக்கப்பட்டன.

மேலுறை

கெட்டி அட்டை நூல்களின் மேல் சுற்றப்படும் தாளுறை மேலுறை எனப்படும். முன்னாளில் வாசகர்கள் இதனைப் பொதித்தாளாகக் கருதி எறிந்துவிட்டனர். ஆகவே மூல மேலுறையுடன் எஞ்சிய படிகள் அரிது. மேலுறையின் உள்மடிப்பில் அச்சிடப்பட்ட விலை, பின்புறத்தில் விளம்பரப்படுத்தப்பட்ட பிற நூல்கள், மதிப்புரை வரிகள் ஆகியன சான்றுகளாகும். ஒரு நூலின் மேலுறையில் அந்நூலைப் பற்றிய நாளிதழ் மதிப்புரைகள் இடம்பெற்றிருந்தால், அவ்வுறை பெரும்பாலும் பிந்திய அச்சுக்கு உரியது.

முதல் அச்சின் நூலுக்குப் பிந்திய அச்சின் மேலுறையையோ, பிந்திய நூலுக்கு முதல் அச்சின் மேலுறையையோ அணிவிப்பதும் உண்டு. எனவே நூலையும் உறையையும் தனித்தனியே சோதித்தல் வேண்டும். உள்மடிப்பின் விலைப்பகுதி கத்தரிக்கப்பட்டிருந்தால் முக்கியமான சான்று ஒன்று இழக்கப்பட்டதாகக் கொள்ளப்படும்.

காலத்தை எல்லைப்படுத்தும் குறிகள்

சில குறிகள் முதற் பதிப்பை நிறுவாவிடினும், ஒரு படி முதற் பதிப்பு அன்று என்பதை உறுதியாகக் காட்டும்.

- அமெரிக்க அஞ்சல் குறியீட்டு எண் முறை 1963இல் நடைமுறைக்கு வந்தது. பதிப்பகத்தின் முகவரியில் ஐந்திலக்க அஞ்சல் எண் இருப்பின் அப்படி 1963க்கு முந்தியதாக இருக்க முடியாது.
- பிரித்தானியாவில் நூல்களுக்கு நியம எண் வழங்கும் முறை 1967இல் தொடங்கியது. அதன் பன்னாட்டு வடிவம் 1970இல் நியமமாக ஏற்கப்பட்டது. இவ்வெண் உள்ள படி 1937க்கோ 1954க்கோ உரியது அன்று.
- பிரித்தானிய நாணயம் 1971 பெப்ரவரி 15 அன்று பதின்ம முறைக்கு மாறியது. அதற்கு முந்திய மேலுறைகளில் விலை ஷில்லிங், பென்சு அலகுகளில் காணப்படும்.
- பட்டைக் குறியீடு உள்ள உறைகள் இன்னும் பிந்தியவை.

பிழைகளும் அடையாளக் குறிகளும்

ஓர் அச்சை மற்றொன்றிலிருந்தோ, ஒரு நிலையை இன்னொன்றிலிருந்தோ பிரித்துக் காட்டும் சிறு வேறுபாடு அடையாளக் குறி எனப்படும். எழுத்துப் பிழை, உடைந்த எழுத்து, அட்டைத் துணியின் நிறம், விளம்பரப் பக்கத்தின் அமைப்பு ஆகியன இவற்றுள் அடங்கும். ஒரு பிழை முதல் அச்சில் உள்ளது என்பதால் அப்பிழை உள்ள படிகள் அனைத்தும் முதல் அச்சு ஆகிவிடா. பல அச்சுகள் வரை திருத்தப்படாமல் தொடர்ந்த பிழைகளும் உள்ளன. ஆகவே ஒரு குறியை மட்டும் நம்பாது, எல்லாக் குறிகளும் ஒருங்கே பொருந்துகின்றனவா எனப் பார்ப்பதே முறையாகும்.

எடுத்துக்காட்டுகள்

ஆலிசின் அற்புத உலகம் (1865)

லூயிஸ் கரோலின் இந்நூலின் முதற் பதிப்பு ஆக்ஸ்போர்டின் கிளாரெண்டன் அச்சகத்தில் மாக்மில்லன் நிறுவனத்துக்காக 2,000 படிகள் அச்சிடப்பட்டது. தம் ஓவியங்கள் அச்சான விதம் ஓவியர் ஜான் டெனியலுக்கு நிறைவளிக்கவில்லை. எனவே கரோல் நூலைத் திரும்பப் பெற்றார். நண்பர்களுக்கு ஏற்கெனவே அனுப்பியிருந்த படிகளையும் திருப்பித் தருமாறு கேட்டு, திரும்பி வந்தவற்றை மருத்துவமனைகளுக்கு வழங்கினார். 1865 என அச்சிடப்பட்ட இலண்டன் படிகளுள் இன்று இருப்பது தெரியவந்தவை இருபத்தைந்துக்கும் குறைவே.

புதிதாகக் கோக்கப்பட்ட நூலை ரிச்சர்ட் கிளே அச்சகம் அச்சிட்டது. இது 1865 நவம்பரிலேயே வெளிவந்தபோதிலும் தலைப்புப் பக்கத்தில் 1866 என்னும் ஆண்டைத் தாங்கியது. ஒதுக்கப்பட்ட பழைய தாள்கள் நியூயார்க்கின் ஆப்பிள்டன் நிறுவனத்துக்கு விற்கப்பட்டு, புதிய தலைப்புப் பக்கத்துடன் 1866இல் வெளிவந்தன. இதனால் 1866 எனக் குறிக்கப்பட்ட இரு படிகளுள், நியூயார்க் படி முதற் பதிப்பின் இரண்டாம் வெளியீடாகவும், இலண்டன் படி இரண்டாம் பதிப்பாகவும் அமைகின்றன. ஆண்டை மட்டும் பார்ப்பவர்க்கு இவ்வேறுபாடு புலப்படாது.

ஓசின் அற்புத மந்திரவாதி (1900)

எல். பிராங்க் பாம் எழுதி டபிள்யூ. டபிள்யூ. டென்சுலோ ஓவியந் தீட்டிய இந்நூலைச் சிகாகோவின் ஜார்ஜ் எம். ஹில் நிறுவனம் வெளியிட்டது. இதன் படிகளில் பாடத்துக்கும் அட்டைக்கும் தனித்தனியே நிலைகள் உள்ளன. முந்திய பாட நிலையில் நூலின் இறுதியிலுள்ள அச்சுக் குறிப்பு கட்டமிடப்பட்டுப் பதினொரு வரிகளில் உள்ளது. பிந்திய நிலையில் பதின்மூன்று வரிகளில் உள்ளது. 81ஆம் பக்கத்தில் "துண்டுகள்" என்னும் பொருள்படும் ஆங்கிலச் சொல்லின் எழுத்துகள் இடம் மாறி அச்சாகியிருப்பதும் முந்திய நிலையின் குறிகளுள் ஒன்றாகும். தாள்கள் ஒரு வரிசையிலும் அட்டைகள் வேறொரு வரிசையிலும் எடுக்கப்பட்டுக் கட்டப்பட்டதால், முந்திய பாடமும் பிந்திய அட்டையும் சேர்ந்த கலப்புப் படிகளும் காணப்படுகின்றன. இவை போலிகள் அல்ல. ஹில் நிறுவனம் 1902இல் நொடித்த பின்னர் பாப்ஸ்-மெரில் நிறுவனம் 1903இல் சற்று மாறிய தலைப்புடன் இந்நூலை வெளியிட்டது.

த ஹாபிட் (1937)

1937 செப்டெம்பர் 21 அன்று ஆலன் அண்டு அன்வின் நிறுவனம் இந்நூலை வெளியிட்டது. முதல் அச்சு 1,500 படிகள் ஆகும். அவை அவ்வாண்டு டிசம்பருக்குள் விற்றுத் தீர்ந்தன. இரண்டாம் அச்சில் டோல்கீன் தீட்டிய நான்கு வண்ண ஓவியங்கள் சேர்க்கப்பட்டன. இவ்விரண்டாம் அச்சின் கட்டப்படாத தாள்களில் ஒரு பகுதி 1940இல் இலண்டன் மீது நடந்த குண்டுவீச்சில் அழிந்தது.

முதல் அச்சின் அடையாளங்கள் பின்வருமாறு:

- பதிப்புரிமைப் பக்கத்தில் முதல் வெளியீட்டு ஆண்டாக 1937 மட்டும் இருக்கும். பிற அச்சுகள் குறிக்கப்பட்டிரா.
- வெளிர்பச்சைத் துணி அட்டையில் அடர்நீல மையில் மலைகளும் பறவை நாகங்களும் அச்சிடப்பட்டிருக்கும்.
- ஓவியங்கள் கறுப்பு வெள்ளையில் மட்டும் இருக்கும். வண்ண ஓவியம் இருப்பின் அது முதல் பிரித்தானிய அச்சு அன்று.
- நிலப்படங்கள் அட்டையின் உட்புறத் தாள்களில் கறுப்பு, சிவப்பு மைகளில் அச்சிடப்பட்டிருக்கும்.
- மேலுறையின் உள்மடிப்பில் விலை 7 ஷில்லிங் 6 பென்சு எனக் காணப்படும்.
- மேலுறையின் பின்மடிப்பில், லூயிஸ் கரோலின் இயற்பெயரான டாட்சன் என்பது தேவையற்ற ஓர் எழுத்துடன் அச்சாகி, அவ்வெழுத்து கையால் மையிட்டு அடிக்கப்பட்டிருக்கும்.

மேலுறையை டோல்கீனே வரைந்தார். கதிரவனையும் பறவை நாகத்தையும் சிவப்பில் காட்ட அவர் விரும்பினார். செலவைக் கருதிப் பதிப்பகம் சிவப்பு நிறத்தைத் தவிர்த்தது. ஆகவே சிவப்பு நிறம் கொண்ட உறை முதல் அச்சின் உறை அன்று.

முதல் அமெரிக்கப் பதிப்பை ஹூட்டன் மிப்ளின் 1938இல் வெளியிட்டது. இதில் வண்ண ஓவியங்கள் உண்டு. இதன் முந்திய படிகளின் தலைப்புப் பக்கத்தில் தலைவணங்கும் ஹாபிட்டின் உருவமும், பிந்திய படிகளில் அதற்குப் பதிலாகக் குழலூதுபவரைக் கொண்ட பதிப்பகச் சின்னமும் உள்ளன.

த லார்ட் ஆப் த ரிங்ஸ் (1954–1955)

இந்நூல் மூன்று தொகுதிகளாக வெளிவந்தது. ஒவ்வொன்றின் விலையும் 21 ஷில்லிங். அவை சிவப்புத் துணி அட்டையும், மோதிரமும் கண்ணும் வரையப்பட்ட சாம்பல் நிற மேலுறையும் கொண்டவை.

- முதற் தொகுதி: 1954 ஜூலை 29, முதல் அச்சு 3,000 படிகள்.
- இரண்டாம் தொகுதி: 1954 நவம்பர் 11, முதல் அச்சு 3,250 படிகள்.
- மூன்றாம் தொகுதி: 1955 அக்டோபர் 20, முதல் அச்சு 7,000 படிகள்.

மூன்றாம் தொகுதி வருமுன்பே முதற் தொகுதி மறுபடி அச்சிடப்பட்டுவிட்டது. எனவே 1955இன் இறுதியில் மூன்றையும் ஒன்றாக வாங்கியவர் வெவ்வேறு அச்சுகளைச் சேர்ந்த தொகுதிகளையே பெற்றிருப்பார். மூன்று தொகுதிகளும் முதல் அச்சாக அமைந்த தொகுப்பு என விற்கப்படுவதை ஒவ்வொரு தொகுதியாகச் சோதிக்க வேண்டியதன் காரணம் இதுவாகும்.

முதற் தொகுதியின் இரண்டாம் அச்சு தனிச் சிறப்புடையது. மறு அச்சுக்காக எழுத்துக் கோப்பைக் கலைக்காமல் வைத்திருக்குமாறு அச்சகத்திடம் கூறப்பட்டிருந்தது. ஆனால் அது கலைக்கப்பட்டுவிட்டது. அச்சகத்தார் இதனை ஆசிரியருக்கோ பதிப்பகத்துக்கோ தெரிவிக்காமல் புதிதாகக் கோத்து அச்சிட்டனர். அதனாற் புதிய பிழைகள் புகுந்து, பின்வந்த அச்சுகளிலும் தொடர்ந்தன. ஆய்வாளர்கள் இதனைப் பல பத்தாண்டுகளுக்குப் பின்னரே கண்டறிந்தனர். மேற்கூறிய வரையறையின்படி, "இரண்டாம் அச்சு" எனத் தன்னைக் குறிப்பிடும் இப்படி உண்மையில் வேறொரு பதிப்பே ஆகும். ஒரு நூல் தன்னைப் பற்றிக் கூறுவது எப்போதும் முழு உண்மை அன்று என்பதற்கு இது தக்க எடுத்துக்காட்டு.

மூன்றாம் தொகுதியின் சில படிகளில் 49ஆம் பக்கத்து வரிகள் நடுவில் தொய்ந்து காணப்படுகின்றன. பதினாறு பக்கம் கொண்ட பாரங்களாக அச்சிடப்படும் நூலில் நான்காம் பாரம் 49ஆம் பக்கத்தில் தொடங்கும். அதன் அடியில் இடப்படும் 4 என்னும் பார எண் சில படிகளில் உள்ளது, சிலவற்றில் இல்லை. எந்நிலை முந்தியது என்பதில் கருத்து வேறுபாடு நிலவியுள்ளது. எனினும் இரு நிலைகளும் முதல் அச்சைச் சேர்ந்தவையே.

ஹூட்டன் மிப்ளினின் தொடக்கப் படிகள் பிரித்தானியாவில் அச்சான தாள்களைக் கொண்டு ஆக்கப்பட்டவை. இவ்விறக்குமதி காரணமாக எழுந்த பதிப்புரிமை ஐயத்தைப் பயன்படுத்தி, ஏஸ் புக்ஸ் நிறுவனம் 1965இல் ஆசிரியரின் இசைவின்றி மெல்லட்டைப் பதிப்பை வெளியிட்டது. அதே ஆண்டு அக்டோபரில் பாலன்டைன் நிறுவனம் திருத்திய பாடத்துடன் இசைவு பெற்ற பதிப்பை வெளியிட்டது. ஏஸ் பதிப்பு இந்நூலின் முதல் மெல்லட்டைப் பதிப்பு என்பதால் அதுவும் சேகரிக்கப்படுகிறது.

நார்னியா நூல்கள் (1950–1956)

சி. எஸ். லூயிஸ் எழுதிய ஏழு நூல்களுக்கும் ஓவியம் வரைந்தவர் பாலின் பெய்ன்ஸ். முதல் ஐந்தினை ஜெப்ரி பிளெஸ் நிறுவனமும், 1955, 1956ஆம் ஆண்டுகளில் வெளிவந்த இறுதி இரண்டினைப் போட்லி ஹெட் நிறுவனமும் வெளியிட்டன. எனவே ஏழிலும் ஒரே பதிப்பகப் பெயரைக் கொண்ட தொகுப்பு முதற் பதிப்புத் தொகுப்பாக இருக்க முடியாது.

எர்த்சீயின் மந்திரவாதி (1968)

அர்சலா கே. லெ குவினின் இந்நூல் கலிபோர்னியாவின் பெர்க்லியிலிருந்த பர்னாசஸ் பிரஸ் என்னும் சிறு பதிப்பகத்தால், ரூத் ராபின்சின் ஓவியங்களுடன் வெளியிடப்பட்டது. தலைப்புப் பக்கத்தில் மங்கலான ஒரு செங்குத்துக் கோடு காணப்படுவது முதல் அச்சின் அடையாளமாகக் கொள்ளப்படுகிறது. இங்கு அமெரிக்கப் பதிப்பே முந்தியது.

ஹாரி பாட்டரும் மெய்யறிவாளர் கல்லும் (1997)

1997 ஜூன் 26 அன்று இலண்டனின் புளூம்ஸ்பரி நிறுவனம் இந்நூலை வெளியிட்டது. கெட்டி அட்டையில் 500 படிகளே அச்சிடப்பட்டன. அவற்றிற் பெரும் பகுதி நூலகங்களுக்குச் சென்றதாகக் கூறப்படுகிறது. எனவே எஞ்சியவற்றுட் பலவற்றில் நூலக முத்திரைகளும் தேய்மானமும் காணப்படுகின்றன. இந்நூல் மேலுறையின்றி, படம் அச்சிடப்பட்ட அட்டையுடன் வெளிவந்தது. அடையாளங்கள் வருமாறு:

- எண்வரிசை 10 முதல் 1 வரை முழுமையாக இருக்கும்.
- பதிப்புரிமைக் குறிப்பில் ஆசிரியர் பெயர் ஜோன் ரௌலிங் என முழுமையாக இருக்கும்.
- 53ஆம் பக்கத்துப் பொருட்பட்டியலில் "ஒரு மந்திரக்கோல்" என்பது இருமுறை வரும்.
- பின்னட்டையில் "மெய்யறிவாளர்" என்பதற்கான ஆங்கிலச் சொல்லில் ஓர் எழுத்து விடுபட்டிருக்கும்.

இவற்றுள் எண்வரிசையே முதன்மையானது. பிழைகள் மட்டும் போதுமான சான்று ஆகா. அதே காலத்து மெல்லட்டைப் படிகளும் முதல் அச்சாகவே கருதப்படுகின்றன. ஆயினும் அவற்றின் எண்ணிக்கை மிகுதி.

அமெரிக்காவில் ஸ்காலஸ்டிக் நிறுவனம் தலைப்பை மாற்றி வெளியிட்டது. அப்படியில் முதல் அமெரிக்கப் பதிப்பு 1998 அக்டோபர் என அச்சிடப்பட்டிருந்தாலும், நூல் செப்டெம்பரிலேயே விற்பனைக்கு வந்தது. தொடரின் மூன்றாம் நூலில் (1999), மிக முந்திய படிகளின் பதிப்புரிமைக் குறிப்பு ஜோன் ரௌலிங் என உள்ளது. அச்சு ஓடிக்கொண்டிருக்கும்போதே அது ஜே. கே. ரௌலிங் என மாற்றப்பட்டது. இரண்டும் முதல் அச்சின் இரு நிலைகளாகும்.

தவறாக இனங்காணப்படும் படிகள்

நூற்கழகப் படிகள்

அமெரிக்காவில் உறுப்பினர்களுக்கு மலிவு விலையில் நூல்களை அனுப்பும் கழகங்கள் இருந்தன. அவற்றுள் 1953இல் டபுள்டே தொடங்கிய அறிவியற் புனைவு நூற்கழகம் கனவுருப் புனைவுகளையும் பெருமளவில் வெளியிட்டது. இப்படிகள் வணிகப் படிகளைப் போன்ற தோற்றமுடையவை. ஆயினும் மேலுறையில் விலை இராது. தாள் மெலிந்தும் அளவு சற்றுச் சிறியதாகவும் இருக்கும். சிலவற்றின் பின்னட்டையில் மையின்றி அழுத்தப்பட்ட சிறு குழிவு காணப்படும். டபுள்டே அச்சிட்ட கழகப் படிகளில், நூலின் இறுதிப் பக்கங்களொன்றின் உள்விளிம்பில் ஓர் எழுத்தும் எண்ணும் கொண்ட சிறு குறியீடு இருக்கும். விலைப்பகுதி கத்தரிக்கப்பட்ட உறையுடன் ஒரு படி கிடைத்தால், அது கழகப் படியை மறைக்கும் செயலாகவும் இருக்கக்கூடும்.

உருவநேர்ப் பதிப்புகள்

புகழ்பெற்ற நூல்களின் முதற் பதிப்புகளை அவ்வாறே படியெடுத்துப் பதிப்பகங்கள் வெளியிடுவதுண்டு. இவற்றிற் பழைய பதிப்புரிமைப் பக்கமும் அவ்வாறே இடம்பெறலாம். மூல நூல்கள் ஈய எழுத்தில் நேரடியாக அச்சிடப்பட்டவை. தாளின் பின்புறத்தை விரலால் தடவினால் எழுத்தின் அழுத்தம் புலப்படும். எதிருரு அச்சில் எடுக்கப்பட்ட படிகளில் இவ்வழுத்தம் இராது.

போலிகள்

முழு நூலையும் போலியாக ஆக்குவதைவிட மேலுறையைப் போலியாக ஆக்குவது எளிது. வண்ணப்படி எடுக்கப்பட்ட உறைகள் வெளிப்படையாகவே விற்கப்படுகின்றன. இழந்த உறைக்குப் பதிலாக அவற்றைப் பயன்படுத்துவது குற்றம் அன்று. மூல உறை எனக் கூறி விற்பதே மோசடியாகும். உருப்பெருக்கிக் கண்ணாடியால் நோக்கும்போது, மூலத்தில் தொடர்ச்சியாக உள்ள கோடுகளும் எழுத்துகளும் படியெடுத்த உறையிற் சிறு புள்ளிகளாகப் பிரிந்து தோன்றும். ஏறத்தாழ 1950 முதல் தாள் உற்பத்தியில் வெண்மையூட்டும் சேர்மங்கள் பயன்படுத்தப்பட்டு வருகின்றன. அவை புறஊதா ஒளியில் நீலமாக ஒளிரும். 1937க்குரியது எனப்படும் உறை இவ்வாறு ஒளிருமாயின் அதனை ஐயுற வேண்டும்.

தாளையும் எழுத்துருவையும் கொண்டு போலி முதற் பதிப்புகளை வெளிப்படுத்தும் முறைக்கு, ஜான் கார்ட்டரும் கிரகாம் போலார்டும் 1934இல் வெளியிட்ட ஆய்வு முன்னோடியாகும். மதிப்புமிக்க நூல் விவரணவியலாளராக அறியப்பட்ட தாமஸ் ஜே. வைஸ் விற்பனைக்கு விட்ட பத்தொன்பதாம் நூற்றாண்டுச் சிறு நூல்கள், அவற்றில் குறிக்கப்பட்ட ஆண்டுகளில் வழக்கில் இல்லாத தாளில் அச்சிடப்பட்டவை என்பதை அவ்வாய்வு காட்டியது.

ஆசிரியரின் கையொப்பமும் போலி செய்யப்படுகிறது. கையொப்பம் உள்ளது என்பது அப்படி முதல் அச்சு என்பதற்குச் சான்று ஆகாது.

விலையும் சந்தையும்

ஒரு படியின் விலையை அச்சு, நிலைமை, மேலுறை, முன்னைய உடைமையாளர் ஆகியன தீர்மானிக்கின்றன. டோல்கீன் தம் முன்னாள் மாணவி ஒருவருக்குக் கையொப்பமிட்டு வழங்கிய "த ஹாபிட்" முதல் அச்சு, 2015இல் இலண்டனில் நடந்த சதபீஸ் ஏலத்தில் 137,000 பவுண்டுக்கு விற்பனையானது. "ஹாரி பாட்டர்" முதல் நூலின் கெட்டி அட்டைப் படியொன்று 2021 டிசம்பரில் அமெரிக்காவின் ஹெரிடேஜ் ஏலத்தில் 471,000 டாலருக்கு விலைபோனது. 2025இல் பிரித்தானியாவின் பிரிஸ்டல் நகரில் ஒரு வீட்டைக் காலி செய்தபோது சாதாரண நூல்களிடையே கண்டெடுக்கப்பட்ட, மேலுறையற்ற "த ஹாபிட்" முதல் அச்சு 43,000 பவுண்டு பெற்றது. பதிப்புரிமைப் பக்கத்தைத் திறந்து பார்க்காதிருந்தால் அது பழைய நூல்களுடன் சென்றிருக்கக்கூடும்.

புகழ் பெற்ற பின்னர் பெரும் எண்ணிக்கையில் அச்சிடப்பட்ட நூல்களின் முதல் அச்சுகள் அரியன அல்ல. "ஹாரி பாட்டர்" தொடரின் இறுதி நூல்களின் முதல் அச்சு பல இலட்சக்கணக்கில் உள்ளதால் அவற்றின் விலை பொதுவாகக் குறைவே.

விவரண நூல்கள்

குறிப்பிட்ட ஆசிரியரின் எல்லாப் பதிப்புகளையும் அச்சுகளையும் விவரிக்கும் நூல் விவரண நூல் எனப்படும். டோல்கீனுக்கு வெயின் ஜி. ஹாமண்ட், டக்லஸ் ஏ. ஆண்டர்சன் ஆகியோர் 1993இல் வெளியிட்ட நூலும், ரௌலிங்கிற்குப் பிலிப் டபிள்யூ. எரிங்டன் 2015இல் வெளியிட்ட நூலும், ஓஸ் நூல்களுக்கு 1976இல் முதலில் வெளிவந்த "பிப்லியோகிராபியா ஓசியானா"வும் நம்பகமானவை. கலைச்சொற்களை அறிய ஜான் கார்ட்டரின் "நூல் சேகரிப்போருக்கான அகரவரிசை" (1952) இன்றும் பயன்படுகிறது. விற்பனையாளரின் விவரத்தை இத்தகைய நூலுடன் ஒப்பிட்ட பின்னரே முடிவுக்கு வருதல் நன்று.

வரம்புகள்

முதல் அச்சு என்பதால் ஒரு படியின் பாடம் சிறந்தது என்றோ, ஆசிரியர் விரும்பிய வடிவம் அதுவே என்றோ கொள்ள முடியாது. கரோல் தம் முதல் அச்சை நிராகரித்தார். டோல்கீன் தம் கதையைத் திருத்தினார். முதற் பதிப்பு ஒரு நூல் வாசகரிடம் முதலிற் சென்றடைந்த வடிவத்தைக் காட்டும் வரலாற்றுச் சான்று ஆகும். அச்சு ஓட்டத்தில் எது முந்தியது என்பதை முடிவாகக் கூற இயலாத நிலைகளும் உள்ளன. புதிய படிகள் கிடைக்கும்போது முன்னர் ஏற்கப்பட்ட அடையாளக் குறிகள் மறுக்கப்படுவதும் உண்டு.

இவற்றையும் பார்க்க

- கனவுருப் புனைவு
- நூல் விவரணவியல்
- அச்சுக்கலை
- பதிப்புரிமை
- ஜே. ஆர். ஆர். டோல்கீன்
- லூயிஸ் கரோல்